புரொ ஆகணுமெண்டா மிட்ஃபீல்ட் பொடியங்கள் விடக்கூடாத பிழைகள்

கொழும்பு ரேஸ்கோர்ஸ்லயும் சிட்டி லீக் கிரவுண்ட்லயும் ஃபுட்போல் மேட்ச் பாக்கப் போனா மனசு கொதிக்குது. 17, 18 வயசு மிட்ஃபீல்டர்மார், காலுல அவ்வளவு திறமை, ஆனா எங்கட காலத்துல நாங்க விட்ட அதே பிழைகளைத்தான் திரும்பவும் விடுறாங்க, எங்களுக்காவது அப்ப சொல்லித்தர ஆளில்ல. நேரத்துக்குப் படு, கொத்துரொட்டியைக் குறை எண்டதெல்லாம் எல்லாருக்கும் தெரியும், அதை விட்டிடுவம்.

காயம் ஆற முதல் இறங்குறது

இதுதான் எனக்கு இண்டைக்கும் ஆத்திரம் வாற விசயம்.

கொழும்புல கொஞ்சம் நல்லா விளையாடுற ஒரு 8ஆம் நம்பர் மிட்ஃபீல்டர்ட கிழமையைப் பாருங்க. சனிக்கிழமை கிளப் மேட்ச், ஞாயிறு ஒபிஸ் டீமுக்கு, புதன் ராவு டேர்ஃப்ல ஃபைவ் எ சைட், இடையில லைட் போட்டு நடத்துற டோர்னமென்ட் ஒண்டுக்கு ஃபோன் வரும், "மச்சான் ஒருக்கா வந்து நில்லு" எண்டு கேட்டா இவனால மாட்டேன் எண்டு சொல்லேலாது. முழு மேட்ச் எண்டா மிட்ஃபீல்டர் 10, 11 கிலோமீட்டர் ஓடுறான், அது நினைவிருக்கட்டும்.

கொட்டாஞ்சேனைப் பொடியன் ஒருத்தன், பேர் வேணாம். இடது காலால ஒரு திரும்பல்ல ரெண்டு பேரைக் கழட்டி விடுவான். பின் தொடையில ஹாம்ஸ்ட்ரிங் பிடிச்சிட்டுது. கொஞ்ச நாளில நடக்க வலியில்ல, படியேற வலியில்ல, வெளிநாட்டு கிளப் ஒண்டுல இருந்து பாக்க ஆள் வருதாம் எண்டு கதை வேற. பெஞ்சுல இருந்து சித்தாலேப தைலம் தேய்ச்சு, அதுக்கு மேல கிரேப் பண்டேஜை இறுக்கிச் சுத்தி, சோர்ட்ஸைக் கீழ இழுத்து மறைச்சதை நான் பக்கத்துல நிண்டு பாத்தன். "தம்பி வேணாம்டா" எண்டன். "இல்ல அண்ணன், இப்ப ஓகே" எண்டான். அவன்ட கோச்சும் "ஒரு ஹாஃப்தானே" எண்டார். அந்த ஹாஃப் முடிய முதலே லோங் போல் ஒண்டைத் துரத்திப் போனவன் தொடையைப் பிடிச்சுக்கொண்டு குப்புற விழுந்தான். சீசன் அதோட சரி. பாக்க வந்தவர் வேற பொடியனோட கதைச்சிட்டுப் போனார்.

வலி போனதை வச்சு தசை ஆறிட்டுது எண்டு நினைக்காதீங்க. நடக்கேக்க அந்தத் தசைக்குப் பெரிய வேலையில்ல. ஃபுல் ஸ்பீட்ல ஓடேக்க முன்னுக்கு வீசுற காலை அது நீண்டுகொண்டே இழுத்துப் பிடிக்க வேணும், கால் நிலத்துல படுறதுக்குக் கொஞ்சம் முன்னாலதான் கூடுதலா கிழியுறது. ஒருக்கா கிழிஞ்சவனுக்குத் திரும்பக் கிழியுற வாய்ப்பும் கூட.

ஸ்பெயின் மிட்ஃபீல்டர் பெட்ரியைப் பாருங்க. 2020-21ல பார்சிலோனாவுக்கும் ஸ்பெயினுக்கும் சேர்த்து 70 மேட்சுக்கு மேல, அந்த யூரோல செமி ஃபைனல் வரைக்கும், பிறகு ஒலிம்பிக் ஃபைனல் ஓகஸ்ட் 7, 15ஆம் திகதி திரும்ப ஸ்பெயின் லீக் லா லிகா, வயசு 18. இளம் வீரர்களுக்குக் குடுக்கிற கோல்டன் போய், கோபா டிரோஃபி ரெண்டும் அந்த வருசமே கிடைச்சுது. ஆனா அடுத்த சீசன்ல தொடைக் காயம், திரும்பி வந்து மறுபடியும் காயம், ஜனவரி வரைக்கும் வெளியில, 2022 ஏப்ரல்ல ஹாம்ஸ்ட்ரிங் போய் சீசனே முடிஞ்சுது. அவனுக்குப் பின்னால டொக்டர், ஃபிசியோ, ஸ்கேன் எல்லாம் இருந்தும் இந்த நிலமை, உங்களுக்கு இருக்கிறது ஒரு பண்டேஜ்!

முதல்ல மெல்ல ஓடுங்க, பிறகு ஃபுல் ஸ்பீட், பிறகு வேகத்துல நிண்டு திரும்புறது, டீமோட முழுப் பிராக்டிஸ், கடைசியாத்தான் மேட்ச். நோர்டிக் எண்ட பயிற்சியைச் செய்யுங்க: முழங்காலுல நிண்டு, கூட்டாளி கணுக்காலைப் பிடிக்க, உடம்பை நேரா வச்சு மெல்ல முன்னுக்குச் சரியுறது. ஒழுங்காச் செய்த டீம்கள்ல ஹாம்ஸ்ட்ரிங் காயம் பாதியளவு குறைஞ்சிருக்கு. ஃபிஃபா 11 பிளஸ் வார்ம் அப்ல இது இருக்கு, மொத்தம் 20 நிமிசம்தான். கோச் கத்தினா கத்தட்டும், தொடை உங்கட.

பந்தை மட்டும் பாக்கிறது

பாஸ் வாறதுக்கு முன்னுக்கே தோளுக்கு மேலால பின்னுக்குப் பாருங்க. நோர்வே ஆராய்ச்சியாளர் கியர் யோர்டெட் வீடியோவுல எண்ணிப் பாத்தார், பார்சிலோனாவுக்கு மிட்ஃபீல்ட்ல விளையாடின சாவி கிட்டத்தட்ட செக்கனுக்கு ஒருக்கா தலையைத் திருப்பினார். எங்கட பொடியங்கள் பந்து காலுக்கு வந்த பிறகுதான் யோசிக்கத் தொடங்குறாங்க.

ஏஜென்ட் ட்ரையலுக்குக் காசு கேட்டா

எழும்பி வாங்க.

படிப்பை விடுறது

விடாதீங்க, ஃபுட்போலை மட்டும் நம்பேலாது. 2023 ஜனவரில இருந்து ஓகஸ்ட் வரைக்கும் இலங்கைக்கு ஃபிஃபா தடை, நேஷனல் டீமுக்கே மேட்ச் இல்ல.

வாசிக்காம கையெழுத்து வைக்கிறது

18 வயசுக்குக் கீழ எண்டா 3 வருசத்துக்கு மேல கொன்ட்ராக்ட் போட ஃபிஃபா சட்டம் விடாது. ஒரு சீசன்ல 3 கிளப்ல பதியலாம், ஆனா பொதுவா ரெண்டுக்குத்தான் மேட்ச் விளையாடலாம், இது தெரியாம அவசரத்துல கையெழுத்து வச்சு மாட்டுப்படாதீங்க. அம்மா அப்பாவைக் கூட்டிக்கொண்டு போங்க, பேப்பர் சிங்களத்துலயோ இங்கிலீஷ்லயோ இருந்தா அதை வாசிச்சு விளங்கப்படுத்தக்கூடிய ஒருத்தரையும். கொப்பி ஒண்டு கையில வராம அங்க இருந்து வெளிக்கிடாதீங்க.