ஜெபமும் வேத வாசிப்பும் நின்றுபோவது எங்கே? தவிர்க்க வேண்டிய தவறுகள்

டிசம்பர் 31 இரவு ஆராதனை முடிந்து, புது வருஷத்துக்கென்று ஒரு வேத வசனம் அச்சிட்டுக் கொடுக்கிற வாக்குத்தத்த அட்டையோடு வீடு திரும்பும்போது எடுக்கிற தீர்மானத்திலேயே பெரும்பாலும் முதல் தவறு நடந்துவிடுகிறது. தினமும் ஒரு மணி நேரம் ஜெபம், வருஷத்துக்குள் வேதாகமம் முழுவதும் வாசிப்பு. ஆசை நல்ல ஆசைதான். கணக்குத்தான் இடிக்கிறது.

66 புத்தகங்களில் 1189 அதிகாரங்கள். வாரநாளில் மூன்று, ஞாயிறு ஐந்து என்று வாரத்துக்கு 23 வாசித்தால் ஒரு வருஷத்தில் முடியும். ஆதியாகமம் 50, யாத்திராகமம் 40. இந்த 90 அதிகாரமும் நாலு வாரத்தில் ஓடிவிடும். ஜனவரி கடைசியில் லேவியராகமம் வரும். பலி முறைகள், குஷ்டரோகச் சட்டங்கள் என்று நடை மெதுவாகும். அங்கே இரண்டு நாள் விட்டால் ஆறு அதிகாரம் பாக்கி, ஒரு வாரம் விட்டால் 23. பாக்கி ஏற ஏறக் குற்ற உணர்வும் ஏறி, கடைசியில் புத்தகத்தையே மூடிவிடுகிறார்கள்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் மாற்கு சுவிசேஷத்தை எடுங்கள். 16 அதிகாரம், நாளுக்குப் பாதி அதிகாரம் வைத்தால் 32 நாள். கூடவே ஒரு சங்கீதம். 119ஆம் சங்கீதத்தின் 176 வசனங்களை ஒரே மூச்சில் வாசிக்க வேண்டாம். அது எட்டெட்டு வசனமாக 22 பகுதிகளாகத்தான் எழுதப்பட்டிருக்கிறது, அப்படியே வாசியுங்கள். விட்டுப்போன நாளை ஈடுகட்டப் பார்க்காதீர்கள். அன்றன்றைய பகுதி போதும்.

வாக்குத்தத்த அட்டையிலும் ஒரு ஆபத்து உண்டு. எரேமியா 29:11 எத்தனையோ வீட்டுச் சுவரில் தொங்குகிறது. அது பாபிலோனுக்குச் சிறையாகக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எழுதின கடிதத்தின் நடுவரி. அதற்கு முந்தின வசனம் எழுபது வருஷம் ஆகும் என்கிறது. அதற்கும் மேலே, வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், நீங்கள் இருக்கிற பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபம்பண்ணுங்கள் என்று இருக்கிறது. ஒற்றை வசனத்தைப் பிடித்துக்கொண்டவர், ஆறு மாதத்தில் காரியம் நடக்காதபோது தேவன்மேல் மனக்கசப்பு அடைகிறார். அட்டையில் வந்த வசனம் எதுவானாலும் அந்த அதிகாரம் முழுவதையும் அன்றைக்கே வாசித்துவிடுங்கள்.

அடுத்தது நேரம். விடியற்காலம் நாலு மணி ஜெபம்தான் உயர்ந்தது என்று யாரும் மனம் நோக வேண்டாம். சேலம் இரும்பாலையில் ஷிஃப்டு பார்க்கிறவருக்கும், அம்மாப்பேட்டையில் இரவுத் தறி ஓட்டுகிறவருக்கும் அந்த நாலு மணி வாரத்துக்கு வாரம் இடம் மாறும். கடிகாரத்தைப் பார்த்து வைக்காமல், தினமும் தவறாத ஒரு வேலையோடு ஜெபத்தை முடிந்துவையுங்கள்: குளித்து முடித்ததும், அல்லது வேலையிலிருந்து வந்து சாப்பிட்டதும். சங்கீதக்காரன் அந்தி, சந்தி, மத்தியானம் என்று மூன்று வேளையும் சொல்கிறான். மார்கழிக் குளிரில் ஏற்காட்டில் வெறும் சிமெண்டுத் தரையில் முழங்கால் போட்டு மூட்டுவலி வாங்குவதும் தேவையில்லை. பாய் விரித்துக்கொள்ளுங்கள், முடியாதவர்கள் நாற்காலியில் உட்காரலாம்.

குடும்ப ஜெபத்துக்கு 15 நிமிஷம் போதும். ஒரு பாமாலையிலோ கீர்த்தனையிலோ இரண்டு சரணம், மூன்று நிமிஷம். பத்துப் பதினைந்து வசனம், ஆளுக்கு ஒன்றாக மாற்றி மாற்றி வாசிக்க நாலு நிமிஷம். வாசித்தபின் ஒரு நிமிஷம் பேசாமல் இருங்கள். இதைத்தான் எல்லாரும் தாண்டிவிடுகிறார்கள். பிறகு ஆளுக்கு ஓரிரு வாக்கியம் ஜெபம், கடைசியில் கர்த்தருடைய ஜெபம். அப்பா ஒருவரே இருபது நிமிஷம் ஜெபித்தால் சின்னப் பிள்ளை தூங்கிவிடும், பெரிய பிள்ளை அடுத்த நாள் டியூஷனைக் காரணம் சொல்லும்.

இதைவிட மோசமானது ஒன்று. "ஆண்டவரே, சொல்பேச்சுக் கேட்கிற புத்தியை இந்தப் பிள்ளைக்குக் கொடும்" என்று பிள்ளை காதுபடவே ஜெபிப்பது. அது தேவனிடம் பேசுவதாகாது. கண்ணை மூடிக்கொண்டு பிள்ளையைத் திட்டுவது அது. பிள்ளைக்கு அது நன்றாகவே தெரியும். கண்டிக்க வேண்டியதை ஜெபத்துக்கு வெளியே நேரில் சொல்லுங்கள். ஜெபத்தில் பிள்ளைக்காக நன்றி சொல்லுங்கள்.

உபவாசத்தில் உடம்பைப் பற்றின தவறுகள் அதிகம். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுக்கிறவர்கள் மருத்துவரைக் கேட்காமல் பட்டினி கிடக்கக் கூடாது. சர்க்கரை திடீரென்று இறங்கி மயங்கி விழ நேரும். ஏற்காடு மலையில் காலையிலேயே இரண்டு டம்ளர் காபி குடித்துப் பழகினவருக்கு, உபவாச நாளில் மத்தியானமே தலைவலி வந்துவிடும். பலர் அதை ஆவிக்குரிய போராட்டம் என்று நினைக்கிறார்கள். காபி நின்றதால் வருகிற வலி அது. நாலு நாள் முன்பிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள், தண்ணீரை மட்டும் விடாதீர்கள். ஈஸ்டருக்கு முந்தின லெந்து காலம் ஞாயிறுகளை விட்டு 40 நாள், சேர்த்து எண்ணினால் 46. ஞாயிறு உயிர்த்தெழுதலின் நாள், அன்றைக்கு உபவாசம் வேண்டாம். சாப்பிடாமல் மிச்சமான காசு மாலை பிரியாணிக்குப் போகக் கூடாது, பசித்த ஒருவரிடம் போய்ச் சேர வேண்டும். ஏசாயா 58 கேட்கிறது அதைத்தான்.

அதே ஏசாயா 58, உபவாச நாளிலும் வேலைக்காரரைக் கசக்குகிறவர்களைக் கடிந்துகொள்கிறது. செவ்வாய்ப்பேட்டையிலோ சிவதாபுரத்திலோ கொலுசுப் பட்டறை வைத்திருக்கிற விசுவாசிக்கு ஆராதனை என்பது தராசுவரை வரும். வெள்ளி எடைபோட்டுக் கொடுத்து, கொலுசாக எடைபோட்டு வாங்கும்போது, சேதாரத்தில் அரை கிராம் கூட்டிக் கூலியில் பிடித்தால், ஞாயிற்றுக்கிழமைக் காணிக்கை அதைச் சரிக்கட்டாது. கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பு என்கிறது நீதிமொழிகள் 11:1. காபிப் பழம் பறிக்கிறவர்களின் கூடையை நிறுக்கிற இடத்திலும் இதே பேச்சுத்தான். காணிக்கையைப் பீடத்தண்டையில் வைத்துவிட்டுப் போய் முதலில் சகோதரனோடு ஒப்புரவாகு என்று மத்தேயு 5-இல் இயேசு சொன்னதை, சண்டை போட்ட உறவினரோடு மட்டும் நிறுத்திக்கொள்கிறோம். பாக்கி வைத்த கூலியும் அதில் சேர்த்தி.

ஜனவரியில் பாதியில் மூடிவைத்த லேவியராகமத்தில்தான் 19ஆம் அதிகாரம் இருக்கிறது. கூலிக்காரனுடைய கூலி விடியும்வரை உன்னிடத்தில் இருக்கக் கூடாது என்பது அதன் 13ஆம் வசனம். சனிக்கிழமை சாயங்காலம் கணக்கு நோட்டைத் திறந்து, யாருக்கு எவ்வளவு பாக்கி என்று பார்த்துக் கொடுத்து முடித்துவிட்டு, அதற்குப் பிறகு ஞாயிறு ஆராதனைக்கு உடுப்பை எடுத்து வையுங்கள்.