ஏற்காட்டுக்கு பேஸ் கிட்டார் கொண்டுபோகிறீர்களா?

சேலத்தில் அருமையாக வாசித்த பேஸ், மழைக்காலத்தில் ஏற்காடு போய் இரண்டு மூன்று நாள் இருந்தால் கம்பிகள் உயர்ந்து விரலை நோகடிக்கும். பயப்படாதீர்கள், கிட்டார் கெட்டுப்போகவில்லை. மலைக்காற்றின் ஈரத்தை நெக் (கிட்டாரின் நீண்ட கழுத்துப் பகுதி) மரம் உறிஞ்சுகிறது. கம்பிகளின் இழுவையில் முன்பக்கமாக வளைகிறது. பொதுவாக 34 அங்குல ஸ்கேல் (கம்பி அதிரும் நீளம்), தடித்த கம்பிகள் என்பதால் பேஸில் இது நன்றாகவே தெரியும்.

எடுத்தவுடன் பிரிட்ஜ் (உடல் பக்கம் கம்பிகளைத் தாங்கும் பகுதி) ஸ்க்ரூவில் கை வைக்காதீர்கள். ட்யூன் செய்துவிட்டு, தடித்த கம்பியை முதல் ஃப்ரெட்டிலும் (நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) கடைசி ஃப்ரெட்டிலும் அழுத்திப் பிடியுங்கள். எட்டாவது ஃப்ரெட்டுக்கும் அந்தக் கம்பிக்கும் நடுவே ஒரு விசிட்டிங் கார்டு லேசாக உரசி நுழைந்தால் சரி. இடைவெளி அதிகமென்றால் ட்ரஸ் ராடை (நெக்கின் வளைவைச் சரிசெய்ய உள்ளே இருக்கும் உலோகக் கம்பி) அதன் நட்டில் ஆலன் கீ போட்டு வலப்பக்கம் கால் சுற்று மட்டும் திருப்பி, மறுபடி ட்யூன் செய்து பாருங்கள். இடைவெளியே இல்லாமல் கம்பி ஃப்ரெட்டில் அடித்தால் இடப்பக்கம் திருப்புங்கள். நட்டு திரும்ப முரண்டு பிடித்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். ராடு முறிந்தால் நெக்கையே மாற்றவேண்டி வரலாம்.

மலையிறங்கி வெயிலுக்கு வந்ததும் ஒருமுறை சரிபாருங்கள். பூட்டிய காருக்குள் மட்டும் வைத்துவிடாதீர்கள்.

நண்பருக்கு இரவல் கொடுக்கும்போது அந்த பேஸுக்குப் பொருந்தும் ஆலன் கீயைப் பையிலேயே போட்டுக்கொடுங்கள். கம்பியின் கேஜை, அதாவது தடிமனை (45-105 என்பதுபோல) சீட்டில் எழுதி வையுங்கள். பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பாகம்) மாற்றியிருந்தால் எந்த நிற ஒயர் எங்கே போகிறது என்பதையும் எழுதுங்கள். கம்பெனிக்குக் கம்பெனி நிறம் மாறும்.