சி லைப்ரரியைப் பைத்தானுக்குத் தருவது எப்படி? மெமரிக் கணக்கிலிருந்து தொடங்குவோம்

தமிழ்ச் சொல்லை எழுத்தெழுத்தாகப் பிரிக்கும் சின்ன லைப்ரரி ஒன்றை சி மொழியில் எழுதி, பைத்தானிலிருந்து அழைக்கப் போகிறோம் என்று வைத்துக்கொள்வோம். பிரிக்கும் வேலை அரை நாளில் முடிந்துவிடும். மெமரியை யார் வாங்குவது, யார் விடுவிப்பது என்று முதலிலேயே முடிவு செய்யாவிட்டால்தான் அலைச்சல்.

படி 1: ஸ்ட்ரக்டை மறையுங்கள்

மற்றவர்கள் சேர்த்துக்கொள்ளும் ஹெட்டர் கோப்பில் ஸ்ட்ரக்டின் (பல தரவுப் புலங்களைக் கட்டிவைத்த அமைப்பு) பெயர் மட்டும் இருக்கட்டும். வெளியே போவது அதன் பாயின்டர், அதாவது மெமரி முகவரி மட்டுமே. சி மொழியில் எழுதிய தரவுத்தள லைப்ரரியான எஸ்க்யூலைட் இப்படித்தான் செய்கிறது. நாளைக்கு உள்ளே ஒரு புலம் கூடினாலும் பைத்தான் பக்கம் கை வைக்க வேண்டாம்.

படி 2: உருவாக்க ஒன்று, அழிக்க ஒன்று

‘பிரிப்பான் உருவாக்கு’ என்ற ஃபங்ஷன் இருந்தால் ‘பிரிப்பான் அழி’யும் இருக்க வேண்டும். "சி மொழியின் ஃப்ரீயால் நேராக விடுவித்துக்கொள்ளுங்கள்" என்று விட்டுவிடாதீர்கள். விண்டோஸில் உங்கள் டிஎல்எல்லும் (லைப்ரரிக் கோப்பு) அதை அழைக்கும் நிரலும் வெவ்வேறு சி ரன்டைமை (மெமரி வாங்குவது போன்ற அடிப்படை வேலைகளைச் செய்யும் பகுதி) வைத்திருக்கலாம். ஒன்றில் வாங்கியதை மற்றொன்றில் விடுவித்தால் ஹீப் என்ற மெமரிப் பகுதி கெட்டுவிடும்.

படி 3: திரும்பி வரும் சரம் யாருடையது?

இங்கேதான் பலரும் தடுக்கி விழுகிறோம். எஸ்க்யூலைட்டிலேயே இரண்டு விதி உண்டு. பிழைச் செய்தியைக் கேட்டு வாங்கும் ஃபங்ஷன் தருவது இரவல், அதை விடுவிக்கக் கூடாது. கட்டளையை ஓட்டும் எக்ஸெக் ஃபங்ஷன் தரும் பிழைச் செய்தியோ உங்கள் பொறுப்பு; அதை எஸ்க்யூலைட்டின் சொந்த ஃப்ரீயால்தான் விடுவிக்க வேண்டும்.

சி லைப்ரரியை அழைக்க உதவும் பைத்தானின் சிடைப்ஸில் இன்னொரு பொறி. திரும்பும் வகையை எழுத்துப் பாயின்டர் என்று அறிவித்தால், அது சரத்தை நகலெடுத்து பைட்ஸாகத் தந்துவிடும். மூலப் பாயின்டர் கையில் நிற்காது, பிறகு எதை விடுவிப்பது? நானும் இதில் ஒரு மாலை முழுவதையும் தொலைத்திருக்கிறேன். வாய்ட் பாயின்டர் என்று அறிவித்து, உள்ளடக்கத்தைப் படித்துவிட்டு, அப்புறம் விடுவியுங்கள். எந்த வகையும் சொல்லாவிட்டால் சிடைப்ஸ் அதை இன்ட் என்று எடுத்துக்கொள்ளும். 64 பிட் முகவரி பாதியில் அறுபடும்.

என்னைக் கேட்டால் இந்த வம்பே வேண்டாம். அழைப்பவரே பஃபரையும் (விடையை எழுதும் மெமரி இடம்) அதன் அளவையும் தரட்டும். போதாவிட்டால் எவ்வளவு தேவை என்று திருப்பிச் சொல்லுங்கள். அளவு பைட்டில்தான் இருக்க வேண்டும். ‘தமிழ்’ நமக்கு 3 எழுத்து, யூனிகோடில் 5 குறியீடு, யூடிஎஃப்-8இல் 15 பைட், சரத்தின் முடிவைக் குறிக்கும் கடைசிச் சுழியோடு 16.

படி 4: எது முதலில் சாகும் என்று நம்பாதீர்கள்

தானாக மெமரியைத் துப்புரவாக்கும் மொழிகளில் பிரிப்பான் முதலில் போய், அது தந்த, அதையே நம்பியிருக்கும் விடை பிறகு போகலாம். தரவுத்தள இணைப்பை மூடும் எஸ்க்யூலைட்டின் பழைய குளோஸ், முடிக்கப்படாத ஸ்டேட்மென்ட் (தயாரித்து வைத்த கட்டளை) மிச்சமிருந்தால் மூட மறுக்கும். இத்தகைய மொழிகளுக்காகவே 2012இல் 3.7.14 பதிப்பில் இரண்டாவது குளோஸ் ஒன்று வந்தது. கடைசி ஸ்டேட்மென்ட் போகும்வரை அது இணைப்பை உயிரோடு வைத்திருக்கும். நமக்கு ஓர் எண்ணி போதும்: உருவாக்கும்போது 1, ஒவ்வொரு விடைக்கும் ஒன்று கூட்டுங்கள், விடும்போது குறையுங்கள், சுழியானால் அழியுங்கள்.

சரி, பைத்தானுக்குப் போகுமுன் சி மொழியிலேயே பத்து வரிச் சோதனை எழுதி மெமரிப் பிழைகளைக் காட்டும் வால்கிரைண்ட் கருவியில் ஓட்டிப் பாருங்கள்.