ஊழியப் பயணத்திற்கு எந்தப் புத்தகங்களை எடுத்துச் செல்லலாம்?

பினாங்கிலிருந்து கெடா, பேராக் மாநிலத் தோட்டப்புறங்களுக்கு ஊழியப் பயணம் புறப்படும் சபை இளையோர், வேதாகமத்துடன் வேறு இரண்டு புத்தகங்களை எடுத்துக்கொண்டால் போதும்.

வேதாகமத்தில் சங்கீதம் 120 முதல் 134 வரையுள்ள 15 ஆரோகண சங்கீதங்களைப் பயண நாள்களுக்கென ஒதுக்கி வையுங்கள்; எருசலேமுக்கு யாத்திரை சென்றவர்கள் பாடியவையாகக் கருதப்படும் இவற்றில் பெரும்பாலானவை மிகச் சிறியவை என்பதால், பட்டர்வொர்த்தில் பேருந்துக்குக் காத்திருக்கும் நேரத்திலேயே ஒன்றை நிதானமாக வாசித்து ஜெபித்துவிடலாம்.

இரண்டாவது, ஜான் பனியன் 1678இல் வெளியிட்ட நூலின் தமிழாக்கமான 'மோட்சப் பிரயாணம்'. சந்தித்த வீடுகளில் வரவேற்பு இல்லாமல் மனம் சோர்ந்த நாளில், கதைநாயகன் கிறிஸ்தியான் நம்பிக்கையிழந்து உளையில் (சேற்றில்) சிக்கும் பகுதியைக் குழுவாக வாசியுங்கள். என் விசுவாசத்தை ஆழப்படுத்திய பகுதி அதுவே.

அதே கதையைத் தழுவி, வைணவக் குடும்பத்தில் பிறந்து கிறிஸ்தவரான எச். ஏ. கிருஷ்ணபிள்ளை 1894இல் வெளியிட்ட 'இரட்சணிய யாத்திரிகம்' மூன்றாவது. 3,000க்கும் மேற்பட்ட செய்யுள்களைக் கொண்ட இக்காப்பியத்தைப் பயணத்தில் முழுமையாக வாசிக்க முயல வேண்டாம். இரவுக் கூடுகைக்குப் பின் ஒரு விருத்தத்தை ஒருவர் உரக்கப் படிக்க, மூத்தவர் ஒருவர் பொருள் சொன்னால், தமிழ்ப் பள்ளியில் பயிலாத பிள்ளைகளும் அதன் ஓசையில் ஈர்க்கப்படுவார்கள்.

மழைக்காலமானால் புத்தகங்களைப் பிளாஸ்டிக் உறையில் வையுங்கள். வாசித்த ஊரின் பெயரையும் தேதியையும் பக்க ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள்.