துண்டுத் துணிகளை நேராகப் பஞ்சு மேலேயே தைத்துவிடுங்கள்

மீந்த துணிகளில் பஞ்சு வைத்த விரிப்போ பையோ தைக்கும்போது, துண்டுகளை முதலில் ஒன்றோடொன்று இணைத்து, அப்புறம் பஞ்சு வைத்து இன்னொரு தடவை தைக்க வேண்டாம். அடித்துணியையும் பஞ்சு விரிப்பையும் அடுக்கி, துண்டுகளை நேராக அதன் மேலேயே தைத்துவிடுங்கள். முதல் பட்டையை நல்ல பக்கம் மேலே தெரியும்படி ஓரத்தில் வையுங்கள். அடுத்ததை அதன் மேல் கவிழ்த்து, ஓரத்திலிருந்து கால் அங்குலம் தள்ளி எல்லா அடுக்கும் சேர்த்துத் தையுங்கள். புரட்டி, மடிப்பை நகத்தால் அழுத்தி நீவிவிட்டால் அடுத்த பட்டைக்குத் தயார்.

ஒரே தையல் பட்டைகளையும் இணைக்கிறது, பஞ்சையும் அடித்துணியோடு பிடித்துக்கொள்கிறது. தையல் போட்ட ஓரமும் உள்ளே மறைந்துவிடும். கோணல்மாணலான துண்டுகூட வீணாகாது, ஏனென்றால் அளவைக் கடைசியில்தான் வெட்டிச் சரிசெய்கிறோம். தைக்கத் தைக்க அடுக்கு கொஞ்சம் உள்வாங்கும். அதனால் அடித்துணியையும் பஞ்சையும் நாலு பக்கமும் ஒரு அங்குலம் கூடுதலாக வெட்டிக்கொள்ளுங்கள். இதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.

மேசை விரிப்பு, சின்னப் பை, பாத்திரம் பிடிக்கும் துணி எல்லாவற்றுக்கும் இது அருமையான வழி. பாத்திரம் பிடிக்கும் துணிக்கு மட்டும் பருத்திப் பஞ்சும் பருத்தித் துணியும் நூலும்தான் சரி; பாலியஸ்டர் சூட்டில் உருகிவிடும். பனியன் மாதிரி இழுபடும் துணிகளுக்கும், முனைகள் துல்லியமாகச் சேர வேண்டிய நட்சத்திர டிசைன்களுக்கும் இந்த வழி ஒத்துவராது. பெரிய போர்வையை ஒரே விரிப்பாக இப்படித் தைப்பதும் கஷ்டம், மொத்தக் கனத்தையும் ஒவ்வொரு பட்டைக்கும் மிஷினில் திருப்ப வேண்டியிருக்கும்.