பத்து எலும்புக்கூடுகள்: படைப் பொம்மைகளை ஒட்டி வண்ணம் பூசத் தொடங்குவோருக்கு

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறைகளுக்குச் சாமான் விற்கும் கடைகள் இருக்கின்றன. ஊசி அரம், கூர்மூக்குச் சாமணம், உப்புத்தாள் மூன்றையும் அங்கே வாங்கிக்கொள்ளுங்கள். வெளிநாட்டுப் பெட்டியில் அழகாக அடுக்கி வருகிற ‘தொடக்கநிலைக் கருவித் தொகுப்பு’ எதுவும் எனக்குத் தேவைப்பட்டதில்லை. அப்பா வெள்ளி வேலை செய்தவர் என்பதால் அரமும் சாமணமும் எங்கள் வீட்டிலேயே கிடந்தன.

இந்தப் படைப் பொம்மைகளை வைத்து ஆடும் விளையாட்டைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. மேசையின் இரு பக்கமும் இருவர் படை நிறுத்தி, நாடாவால் தூரம் அளந்து நகர்த்தி, பகடை உருட்டி மோதுவதுதான் இது. 1983இல் இங்கிலாந்தில் வெளியான வார்ஹாமர் இந்த வகையில் மிகப் பிரபலமானது. பூதம், குள்ளர், டிராகன், பிணப்படை என்று கற்பனை உலகத்து வீரர்களெல்லாம் இதில் உண்டு. ஒரு வீரனின் உயரம் ஏறக்குறைய 28 மில்லிமீட்டர், அதாவது கட்டைவிரலின் மேல்கணு அளவு. பெரும்பாலும் கை வேறு தலை வேறாக, வண்ணமில்லாமல்தான் பெட்டியில் வருவார்கள். முதல் பெட்டியைத் திறந்தபோது அப்பா எட்டிப் பார்த்துவிட்டு, “காசு கொடுத்து வேலையையா வாங்கி வந்திருக்கிறாய்?” என்றார். ஆமாம், அதைத்தான் வாங்கியிருந்தேன்.

எதில் தொடங்குவது என்று கேட்டால், ஈட்டி பிடித்த எலும்புக்கூடுகள் பத்து என்பேன். தளபதியையோ டிராகனையோ முதலில் தொடாதீர்கள். எலும்புக்கூட்டுக்குத் தோல் நிறம் கலக்க வேண்டாம், கண் எழுத வேண்டாம், தவறு விழுந்தாலும் ‘புதைகுழியிலிருந்து வந்தவன்தானே’ என்று சமாளித்துவிடலாம். மேலும், மேசையில் உங்கள் வீரர்களை யாரும் மூக்கருகே வைத்துப் பார்ப்பதில்லை. மூன்றடி தூரத்தில், கூட்டமாகத்தான் பார்க்கிறார்கள். ஆகவே பத்துப் பேருக்கும் ஒரே வேலையை வரிசையாகச் செய்யுங்கள். முதலாமவனை முழுதாக முடித்த பிறகே அடுத்தவன் என்று போனவர்களின் வீட்டில் ஒரு வீரனும் ஒன்பது பிளாஸ்டிக் துண்டுகளும்தான் இருக்கும். என் வீட்டிலும் ஓராண்டு அப்படித்தான் இருந்தன.

வெட்டி, அரம் போட்டு, ஒட்டுவது

உறுப்புகள் ஒரு பிளாஸ்டிக் சட்டத்தில் ஒட்டியிருக்கும். முறுக்கிப் பிய்க்காமல், சிறிய கட்டரால் உறுப்பிலிருந்து சற்றுத் தள்ளி வெட்டுங்கள். மிச்சமிருக்கும் நுனியை இரண்டாவது வெட்டில் எடுக்கலாம். ஒரேயடியாக ஒட்ட வெட்டினால் எலும்பிலேயே பள்ளம் விழுந்துவிடும்.

அச்சின் இரு பாதிகள் சேர்ந்த இடத்தில், கால், மண்டையோடு, ஈட்டி எங்கும் மெல்லிய கோடு ஓடும். வண்ணம் பூசினால் மறையும் என்று நானும் நினைத்தேன். மாறாக எடுப்பாகத் தெரிந்தது. அப்பா சாமணத்தில் ஒருவனைப் பிடித்து விளக்கொளியில் திருப்பினார். கோடு பளிச்சென்று நின்றது. “அரத்தை முன்னால் தள்ளும்போது மட்டும் அழுத்து, இழுக்கும்போது தூக்கு. பல் முன்பக்கம் பார்த்துதானே இருக்கிறது” என்றார். பத்து நிமிடத்தில் மூன்று ஈட்டிகள் வழவழப்பாயின.

பசையில் ஒரு விஷயம் முக்கியம். பெட்டியில் வருபவை பெரும்பாலும் பாலிஸ்டைரீன். அதற்கான பிளாஸ்டிக் பசை இரு பக்கத்தையும் சற்றே கரைத்து ஒன்றாக்கிவிடும், காய்ந்தபின் பிரியாது. ரெசினிலோ உலோகத்திலோ செய்த பொம்மைக்கு அந்தப் பசை பயன்படாது, அவற்றுக்கு உடனடிப் பசைதான். எதுவானாலும் முதலில் பசையில்லாமல் பொருத்திப் பாருங்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

பிரைமர்: மலையும் வெயிலும்

மொட்டைப் பிளாஸ்டிக்கில் அக்ரிலிக் வண்ணம் பிடிக்காது, நகம் பட்டால் உரிந்து வரும். அதனால் முதலில் பளபளப்பில்லாத பிரைமர் என்னும் அடிப்பூச்சை ஸ்பிரே டப்பாவால் அடிக்கிறோம். எலும்புக்கு வெளிர் சந்தன நிறம் இருந்தால் பாதி வேலை அப்போதே முடிந்துவிடும்.

இதில்தான் நான் முதல் பத்துப் பேரையும் இழந்தேன். ஏற்காட்டில் அண்ணன் வீட்டுத் திண்ணையில், ஐப்பசி மாதக் காலையில், காபித் தோட்டமே மூடுபனியில் காணாமல் போயிருந்த நேரத்தில் அடித்தேன். ஈரக்காற்றில் பூச்சு வெளுத்து, தூள் தூளாக, உப்புப் பூத்த சுவர் போல ஆகிவிட்டது. பாடம் கற்றுக்கொண்டு அடுத்த பத்தைச் சேலத்தில், சித்திரை மாத நண்பகலில், மொட்டை மாடியில் அடித்தேன். இந்த முறை வண்ணத்துளிகள் பொம்மையைத் தொடுவதற்குள் காற்றிலேயே காய்ந்து மணல்போல் படிந்தன. அண்ணன் மகன் தடவிப் பார்த்துவிட்டு, “அத்தை, இது எலும்பா, உப்புத்தாளா?” என்று கேட்டான்.

ஆகவே மழையோ பனியோ இல்லாத நாளில், வெயில் ஏறுவதற்கு முன், ஏழெட்டு மணிக்குள் முடித்துவிடுங்கள். டப்பாவை இரண்டு நிமிடம் நன்றாகக் குலுக்குங்கள். ஒரு சாணுக்குச் சற்று அதிகமான தூரத்திலிருந்து, பொம்மைக்கு வெளியே தொடங்கி வெளியே முடியும்படி வீசுங்கள். ஒரே இடத்தில் நிறுத்தினால் விலா எலும்புகளுக்கு நடுவே வண்ணம் தேங்கிவிடும். மெல்லிய இரண்டு பூச்சு போதும். முகக்கவசம் மறக்க வேண்டாம்.

நீர்மோர் பதம்

குப்பியிலிருந்து எடுத்த வண்ணத்தை அப்படியே பூசக்கூடாது. என் முதல் வீரனின் முகம் மைதாமாவு அப்பியது போலாகி, பல்வரிசையே காணாமல் போனது. தண்ணீர் சேர்த்து நீர்மோர் பதத்துக்குக் கொண்டு வாருங்கள். முதல் பூச்சில் திட்டுத்திட்டாகத் தெரிந்தால் பயப்படாமல் காயவிட்டு இரண்டாவது பூச்சுக் கொடுங்கள்.

சேலத்து வெயிலில் தட்டில் ஊற்றிய வண்ணம் சிறிது நேரத்திலேயே தோலாகிவிடும். மூடி இறுக்கமான பிளாஸ்டிக் டப்பா ஒன்றில் நனைத்த ஸ்பாஞ்சைப் பரப்பி, மேலே கேக் தட்டில் விரிக்கும் பேக்கிங் தாளை நன்றாகப் படியும்படி வையுங்கள். அதன்மேல் வண்ணத்தைக் கலந்தால் அடியிலிருந்து ஈரம் ஏறிக்கொண்டே இருக்கும், மூடி வைத்தால் மறுநாளும் உதவும். தண்ணீரை மட்டும் அடிக்கடி மாற்றுங்கள், இல்லையென்றால் நாறும்.

கேடயத்துக்கு ஒரு நிறம், ஈட்டிக் கம்புக்குப் பழுப்பு, முனைக்கு உலோக நிறம். பத்துக் கேடயங்களும் ஒரே சிவப்பாக இருக்கட்டும், கூட்டத்தைப் படையாகக் காட்டுவது அந்த ஒற்றுமைதான். நிறம் மூன்றைத் தாண்ட வேண்டாம்.

பிறகு எனக்கு மிகப் பிடித்த கட்டம். ‘வாஷ்’ என்று விற்கும் நீர்த்த பழுப்பு வண்ணத்தை எலும்பு முழுவதும் தாராளமாகப் பூசுங்கள். அது மேட்டிலிருந்து வழிந்து பள்ளத்தில் தங்கும். விலா எலும்புகள் ஒவ்வொன்றாகப் பிரிந்து, கண்குழி ஆழமாகி, அதுவரை வெறும் பிளாஸ்டிக்காக இருந்தது சட்டென்று எலும்பாக மாறும். பாதத்தில் குட்டையாகத் தேங்கினால் உலர்ந்த தூரிகை நுனியால் உறிஞ்சிவிடுங்கள். பாதி காய்ந்த நிலையில் தொட்டால் கறை வளையமாக நிற்கும். தொடாமல் எழுந்து போய்க் காபி போட்டுக்கொள்வது உத்தமம்.

முழுக்கக் காய்ந்தபின், தேய்ந்து போன பழைய தூரிகையில் வெளிர் சந்தன நிறத்தைத் தொட்டு, துணியில் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் துடைத்துவிட்டு, மேடுகளின்மேல் லேசாக முன்னும் பின்னும் உரசுங்கள். மண்டையோட்டின் நெற்றி, மூட்டுகள், விரல் கணுக்கள் மட்டும் வெளுக்கும். நல்ல தூரிகையை இதற்குப் பயன்படுத்தினால் அதன் கூர் அன்றோடு போயிற்று.

காலடி நிலம்

வட்ட அடித்தட்டில் வெள்ளைப் பசையைத் தடவி, மணல் தூவி, காயவிட்டுப் பழுப்பு பூசினாலே போதும். எனக்கு ஊர் மண் வேண்டும் என்ற ஆசை. சேலத்தில் மாமாங்கம் பகுதிச் சாலையோரத்தில் பொறுக்கிய வெள்ளைக்கல் பொடிசுகள் அருமையான பாறைகளாகின்றன. சேர்வராயன் மலைச் செம்மண்ணைச் சலித்துப் பழைய வாணலியில் வறுத்துக்கொண்டால் பூச்சியும் பூஞ்சணமும் வராது.

ஜவ்வரிசியை மட்டும் ஒட்டாதீர்கள். சேலத்துக்காரியாயிற்றே என்று, தூரத்தில் கிடக்கும் மண்டையோடுகள் என நினைத்து ஒட்டினேன். நீர் கலந்த பசையில் ஊறி வழவழத்துப்போனது. எஞ்சியதை எறும்புகள் தூக்கிச் சென்றன.

கடைசியாகப் பளபளப்பில்லாத வார்னிஷ் ஒரு பூச்சு. பிரைமருக்குச் சொன்ன காலநிலை விதி இதற்கு இன்னும் கண்டிப்பாகப் பொருந்தும். இங்கே வெளுத்தால் முடிந்த வேலை முழுவதும் மங்கிவிடும்.

படையை ஏற்றிச் செல்வது

ஏற்காட்டுக்குப் போகும் பஸ் இருபது கொண்டை ஊசி வளைவுகளில் திரும்பும். செய்தித்தாளில் சுற்றி எடுத்துப் போனபோது நான்கு ஈட்டிகள் ஒடிந்தன. இப்போது ஒவ்வொரு அடித்தட்டின் கீழும் ஒரு சிறு காந்த வில்லையை ஒட்டி, டப்பாவுக்குள் நிற்கவைக்கிறேன். டப்பா வாங்கும்போது காந்தத்தையும் கையோடு கொண்டு போங்கள். நான் ஆசையாக வாங்கிய எவர்சில்வர் சம்படத்தில் காந்தம் ஒட்டவே இல்லை. அதில் இப்போது முறுக்கு இருக்கிறது. எலும்புக்கூடுகள் பழைய பிஸ்கட் தகர டப்பாவில் மலையேறுகின்றன.