மழைக்காலத் தோட்டமும் ஏரியாப் பசங்களும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வடசென்னையில் வியாசர்பாடி, கொடுங்கையூர் பக்கம் காலி மனை ஒன்று கிடைத்து, ஏரியாப் பசங்களைச் சேர்த்துத் தோட்டம் போடலாம் என்று கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் புரட்டாசியில்தான் கிளம்புகிறார்கள். வெயில் தணிகிறது, காலாண்டு லீவும் வருகிறது. சரிதான். ஆனால் சென்னையில் ஆண்டு முழுக்கப் பெய்கிற சுமார் 1,400 மில்லிமீட்டர் மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டிவிடும்.

இதை மறந்து தரையோடு தரையாக விதைப்பதுதான் முதல் தவறு. நாங்களே செய்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை பதினைந்து பேர் கொத்திக் கிளறிச் சிறுகீரை தூவினோம். புதன் ராத்திரி மழை. பத்து நாள் கழித்துக் காம்பவுண்டுச் சுவர் மூலையில் மட்டும் மெத்தை போட்ட மாதிரி கீரை முளைத்திருந்தது, பாத்தியெல்லாம் மொட்டை. பசங்களுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அடுத்த வாரம் ஆறு பேர்தான் வந்தார்கள்.

ஒரு அடி உயரத்துக்கு மேட்டுப்பாத்தி போடுங்கள். விதையை மணலோடு கலந்து தூவி, மேலே வைக்கோல் பரப்பி, முளை கண்டதும் எடுத்துவிடுங்கள். நடுவே வாய்க்கால் வெட்டுமுன் அது எங்கே போய்ச் சேரும் என்று பாருங்கள். மேலே மேலே ரோடு போட்டுத் தெரு உயர்ந்துபோன இடங்களில் அந்த வாய்க்கால் வெளித் தண்ணீரை உள்ளேதான் கொண்டுவரும்.

மண்ணைச் சோதிக்காமல் இறங்குவது இன்னொன்று. நம் பக்கத்துக் காலி மனை பலவும் கட்டட இடிபாடும் குப்பையும் கொட்டி மேடாக்கியவை. மணலி, எண்ணூர் என்றால் ஆலைக் கழிவு, சாம்பல் சந்தேகமும் உண்டு. வழக்கமான மண் பரிசோதனை உரச்சத்தையும் கார அமிலத் தன்மையையும்தான் சொல்லும். ஈயம், காட்மியம் மாதிரி நச்சு உலோகங்கள் பற்றித் தனியாகக் கேட்க வேண்டும். அது தெரியும்வரை செம்மண்ணும் எருவும் கலந்து பையில் வளர்ப்பதே நல்லது, முக்கியமாகக் கீரையை.

இதையெல்லாம்விட என்னை உறுத்துவது வேறு. பசங்களைக் கூலியில்லாத ஆளாக நடத்துகிறோம். என்ன போடுவது, எப்போது பறிப்பது, யாருக்குக் கொடுப்பது எல்லாம் அங்கிள்கள் முடிவு. மண்வெட்டியும் குரூப் போட்டோவும் மட்டும் அவர்களுக்கு. மூன்றாவது வாரம் அவர்கள் கிரவுண்டுக்குப் பந்தாடப் போய்விட்டால் அவர்கள் மேல் என்ன குற்றம்?

எங்களிடம் பிளஸ் டூ படிக்கும் ஒரு பையன் சக்கரவள்ளிக் கிழங்கு போடலாம் என்றான். அவன் ஆயா தெருமுனையில் வேகவைத்து விற்கிறவர். நாங்கள் தக்காளி என்றோம். இரண்டு பாத்தியை அவனிடம் விட்டதே பெரிய மனசு என்று அப்போது நினைத்துக்கொண்டோம். காலாண்டு லீவு விட்ட அன்றைக்கே கொடி நுனியை முக்கால் அடிக்கு வெட்டி, மண்ணை உயர்த்தி அணைத்த பாரில் நட்டான். மழைக்கு எங்கள் தக்காளி நாற்று அழுகியது. அவன் பொங்கலுக்கு முந்தின நாள் தோண்டினான். நட்டு நூற்றுப்பத்து நாள் சுமாரில் எடுக்கிற பயிர், கணக்கு போட்டுத்தான் நட்டிருக்கிறான். கிழங்கு முழுக்க ஆயாவின் தள்ளுவண்டிக்குப் போனது. அது நியாயமா என்று எங்களில் இரண்டு பேர் இன்றைக்கும் முணுமுணுக்கிறார்கள்.

அப்புறம், தேங்கிய தண்ணீரில் யாரையும் வெறுங்காலோடு இறக்காதீர்கள். எலிக்காய்ச்சல் இப்படித்தான் வரும். நாலு ஜோடி ரப்பர் பூட்ஸ் பொதுவில் இருக்கட்டும். திறந்து கிடக்கும் தண்ணீர் டிரம்மில் கொசு முட்டை ஒரு வாரம், பத்து நாளில் கொசுவாகிவிடும், டெங்கு பயத்தில் தெருவே தோட்டத்துக்கு எதிராகத் திரும்பும். செடியைத் தின்னும் பெரிய ஆப்பிரிக்க நத்தைகளைக் கையுறை போட்டுப் பொறுக்கி உப்புத் தண்ணீரில் போட வேண்டும்.

பெண் பிள்ளைகள் வருவதில்லை என்று குறைப்படுகிறவர்கள் எத்தனை மணிக்குக் கூப்பிட்டோம் என்று யோசிக்கலாம். கார்த்திகையில் ஆறு மணிக்கே இருட்டு; தோட்டத்தில் பாத்ரூமும் கிடையாது. காலை ஏழு முதல் ஒன்பது என்று மாற்றி, எதிர்வீட்டு அக்காவிடம் பாத்ரூமுக்குச் சொல்லி வைத்தோம். நாலு பேர் வந்தார்கள்.

டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு. அந்த இரண்டு வாரமும் பசங்களுக்குப் போன் போடாதீர்கள். நத்தை பொறுக்க அங்கிள்கள்தான் குனிய வேண்டும்.